எட்டுப் பேர் இழுத்தும் நான்கு பேர் பலம்

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கயிற்றை இழுத்தால், ஒருவர் தனியாக இழுப்பதைப் போல எட்டு மடங்கு விசை கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, இருவர் சேர்ந்தால் தலைக்கு 93 சதவீத பலம்தான் வெளிப்படுகிறது. நால்வர் என்றால் 77. எட்டுப் பேர் சேரும்போது அது 49 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

மீதிப் பாதி இரண்டு வழிகளில் கசிகிறது. எல்லாரும் ஒரே கணத்தில், ஒரே திசையில் இழுப்பதில்லை என்பது ஒன்று. மற்றவர்கள்தான் இழுக்கிறார்களே என்று ஒவ்வொருவரும் தம்மையறியாமல் தளர்வது இன்னொன்று. 1974-இல் அமெரிக்க உளவியலாளர்கள் இந்த இரண்டாவதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். கண்ணைக் கட்டி ஒருவரை முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள். உண்மையில் இழுத்தவர் அவர் ஒருவரே. இருந்தும், கூட்டத்தோடு சேர்ந்து இழுப்பதாக நம்பியபோது அவருடைய விசை குறைந்தது.

மேலாண்மை என்பது அடிப்படையில் இந்த இரு கசிவுகளையும் அடைக்கும் வேலை. மருத்துவமனையானாலும் தொழிற்சாலையானாலும் தொண்டு அமைப்பானாலும், மனிதர்கள் கூடியவுடன் இழப்பும் தொடங்கிவிடுகிறது.

ஆட்கள் பெருகும்போது சிக்கல் அதைவிட வேகமாகப் பெருகுகிறது. ஐந்து பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும். ஐம்பது பேர் என்றால் 1,225. யாராலும் இத்தனை பேச்சையும் சமாளித்துக்கொண்டு வேலையும் பார்க்க முடியாது. அந்த ஐம்பது பேரையே பத்துப் பத்தாக ஐந்து குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு தலைவரை வைத்து, தலைவர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டால் இணைப்புகள் 235 ஆகக் குறைகின்றன. அதிகாரப் படிநிலைக்குக் கௌரவத்தைத் தாண்டி உள்ள வலுவான நியாயம் இந்தக் கணக்குதான்.

அமெரிக்காவின் ஈரி ரயில் நிறுவனத்தில் கண்காணிப்பாளராக இருந்த டேனியல் மெக்கலம் இதை அனுபவத்தில் கண்டார். 50 மைல் நீளப் பாதையை ஒரே அதிகாரி நேரில் கவனித்துவிடலாம், ஒவ்வொரு ஊழியரையும் முகம் தெரிந்து வைத்திருக்கலாம். 500 மைல் பாதைக்கு அது செல்லாது என்று அவர் எழுதினார். பாதையைப் பிரிவுகளாக்கிப் பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தார். தந்தி வழியே தகவல்களைத் திரட்டினார். அவருடைய மேற்பார்வையில் 1855-இல் வரையப்பட்ட, யார் யாருக்குக் கீழ் என்று காட்டும் நிறுவன அமைப்பு வரைபடம், இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

படிநிலைக்கும் ஒரு விலை உண்டு. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போக வேண்டிய செய்தி, இரண்டு தலைவர்களைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு கையிலும் அது தாமதமாகிறது, கொஞ்சம் தேய்கிறது. இதற்கு மருந்து சொன்னவர் பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ஆன்ரி ஃபயோல். 1888-இல், நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஒரு சுரங்க, உலோக நிறுவனத்தின் தலைமையை ஏற்று அதை நிமிர்த்தியவர். வெவ்வேறு பிரிவுகளில் ஒரே நிலையில் இருப்பவர்கள், மேலதிகாரிகளின் சம்மதத்தோடு நேரடியாகப் பேசி முடிவெடுக்கட்டும் என்றார். அந்த ஏற்பாட்டைப் பாலம் என்று அழைத்தார்.

1916-இல் அவர் மேலாண்மையை ஐந்து செயல்களாகப் பிரித்தார்: திட்டமிடுதல், அமைத்தல், பணித்தல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். இன்றைய பாடநூல்களும் சிறு மாற்றங்களோடு இவற்றையே சொல்கின்றன. இவற்றில் கடைசியானதுதான் மிக மோசமாகச் செய்யப்படுகிறது என்பது என் எண்ணம். ஊழியர் எத்தனை மணிக்கு வந்தார், இருக்கையில் இருக்கிறாரா என்று பார்ப்பதோடு அதை முடித்துக்கொள்கிறார்கள். நடந்ததைத் திட்டத்தோடு ஒப்பிட்டு, விலகலைக் கண்டு, வேலையையோ திட்டத்தையோ திருத்த வேண்டும். அதுவும் விரைவாக. விலகல் தெரியவர மூன்று மாதம் ஆனால், திருத்தமும் மூன்று மாதம் பழைய சிக்கலுக்குத்தான் போய்ச் சேரும். கெட்ட செய்தி கொண்டுவருபவர் திட்டு வாங்கும் இடத்தில் இந்தச் சுற்று அடியோடு அறுந்துவிடுகிறது. அங்கே மேலே போகும் எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

மேலாண்மையால் உண்மையில் பயன் உண்டா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், உலக வங்கி ஆகியவற்றைச் சேர்ந்த பொருளியலாளர்கள் 2008-இல் மும்பைப் பகுதி நெசவாலைகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மருந்துச் சோதனை போலவே, குலுக்கல் முறையில் தேர்ந்த சில ஆலைகளில் மட்டும் ஆலோசகர்கள் சில மாதங்கள் தங்கி 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். எல்லாம் எளிய காரியங்கள்: துணியின் குறைகளை அன்றன்றே பதிவது, இயந்திரம் நின்ற நேரத்தைக் குறிப்பது, கிடங்கிலுள்ள நூலுக்குக் கணக்கு வைப்பது. முதல் ஆண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். புதிதாகப் பழகிய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. பொறுப்பிலிருந்த மேலாளர்கள் மாறிப்போனதும், இயக்குநர்களுக்குக் கவனிக்க நேரமில்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். பாதி போன பிறகும்கூட, பயிற்சி பெறாத ஆலைகளைவிட அவை நடைமுறைகளில் தெளிவாக முன்னே இருந்தன.