மரம் கூடினால் ஓடை மெலியும் மலை

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டு வருகிறோம். நீலகிரி உச்சியில் இது பொருந்தாது.

சுமார் 1,800 மீட்டருக்கு மேலே அந்த மலையின் இயல்பான கோலம் புல்தான். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் திட்டுத் திட்டாகச் சோலைக்காடு (குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த பசுமையான காடு), மற்ற இடமெல்லாம் புல்வெளி. உறைபனி விழும் திறந்தவெளியில் சோலை மரக் கன்றுகள் பிழைப்பது கடினம். காட்டை யாரோ அழித்ததால் வந்த புல் என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததைக் காட்டியது.

ஆங்கிலேயர்களுக்கு அது சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிந்தது. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகையும் (ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படும் மரம்) வந்தன. முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் இன்னும் பெரிய பரப்பில் நட்டார்கள்.

தண்ணீர் எங்கே போகிறது? சாரலில் ஒரு பங்கு மரத்தின் இலைகளிலேயே தங்கி, தரையைத் தொடாமல் ஆவியாகிறது. மண்ணுக்குள் இறங்கியதையும் ஆழமான வேர்கள் உறிஞ்சுகின்றன. புல்லின் வேர் ஆழம் குறைவு. பனிக்காலத்தில் அது காய்ந்துவிடுவதால் குடிப்பதும் நின்றுபோகிறது. தைலமரம் கோடையிலும் விடாது. மழை நின்ற பிறகு ஓடையில் வருவதோ மண்ணுக்குள்ளிருந்து மெல்லக் கசியும் நீர்தான். அடி விழுவது அதில்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஊட்டி அருகே கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் (மழைநீர் ஒரே ஓடைக்கு வந்து சேரும் பரப்புகளில்) ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் தைலமரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை மீண்டும் துளிர்த்து வளர்ந்தபோது குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. வேர் ஏற்கெனவே ஊன்றியிருந்ததே!

இந்த மலையில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் போய்த் திரும்பி வந்து பில்லூர் அணையை நிரப்புகிறது. கோவையும் திருப்பூரும் குடிப்பதில் இந்த ஆற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்காக மரமில்லாத எந்தச் சரிவும் நல்லது என்று அர்த்தமில்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் போடக் கிளறிய சரிவில் மழை மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு இறங்கி, அணையில் வண்டலாகப் படிகிறது.

வரையாடுக்கும் இதே புல்தான் வாழ்வு. புல்லை மேயும், ஆபத்தென்றால் பாறைச்சரிவில் ஏறிவிடும். அடர்ந்த தோப்புக்குள் மேய்ச்சலும் இல்லை, எதிரியைத் தூரத்திலேயே பார்க்கவும் முடியாது. சீகை பரவப் பரவ ஒரு மந்தைக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு அறுகிறது.

சரி, சீகையை வெட்டிவிடலாமே? விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டால் முளைத்துத் தள்ளும். ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்க ஆள் வேண்டும். சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலிலோ சோலை மரக் கன்றுகள் தாமாகவே வளர்கின்றன. அவற்றைத் தொடாமல், புல்லுக்குள் புதிதாக நுழையும் சீகையை முதலில் பிடுங்குவதே புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.