பாலைவன வெயிலில் கோல்ஃப் பந்து கூடுதல் தொலைவு பறப்பது ஏன்?

கலிபோர்னியாவின் லா குயின்டாவில் ஜனவரி தோறும் நடைபெறும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் வாசகர் ஒருவர், ஒரே தொலைவுக்குக் காலையில் ஒரு மட்டையையும் பிற்பகலில் அதைவிடக் குறைந்த தொலைவுக்கான மட்டையையும் வீரர்கள் எடுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். வெப்பக் காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் தடையும் குறைவு என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் பந்தைக் காற்றில் நிறுத்தி வைப்பதும் அதே காற்றுதான் என்பதால், விடை அந்த வரியோடு முடிவதில்லை.

அங்குள்ள பிஜிஏ வெஸ்ட் ஸ்டேடியம் மைதானம் பீட் டை வடிவமைத்து 1986இல் திறக்கப்பட்டது. அதன் 16ஆம் குழியருகே ஏறத்தாழ 6 மீட்டர் ஆழமுள்ள மணற்பள்ளம் இருக்கிறது. 17ஆம் குழியோ பாறைகளும் தண்ணீரும் சூழ்ந்த தீவு. சிறைத்தீவின் நினைவாக அதனை ஆல்கட்ராஸ் என்று அழைக்கிறார்கள். 1987இல் அமெரிக்க வீரர் லீ ட்ரெவினோ அங்கே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் வீழ்த்தினார். அந்தத் தீவில் விழுந்த பந்து அங்கேயே நிற்கவும் வேண்டும் என்பதால், அது எவ்வளவு தொலைவு பறக்கிறது என்பதைப் போலவே எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதும் முக்கியமாகிறது.

முதலில் பந்தின் மேலுள்ள குழிகளைப் பார்க்க வேண்டும். வழவழப்பான பந்து விரையும்போது அதன் பரப்பை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் வரிச்சீராக வழிகிறது. பரப்போடு உராய்ந்து வேகமிழக்கும் அந்தப் படலம், பந்தின் அகன்ற நடுப்பகுதியை எட்டும்போதே மேலும் முன்னேறத் திராணியற்றுப் பரப்பிலிருந்து பிரிந்துவிடுகிறது. அப்போது பந்தின் பின்னால் அழுத்தம் குறைந்த அகலமான சுழிப்புப் பகுதி உருவாகிப் பந்தைப் பின்னோக்கி இழுக்கிறது. இனி அந்தப் பரப்பில் கால் மில்லிமீட்டர் அளவே ஆழமுள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட குழிகளை இடுங்கள். படலம் அவற்றின்மேல் வழியும்போது கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பு வெளியிலுள்ள விரைவான காற்றை உள்ளே இழுத்துக் கலப்பதால், சோர்ந்துகிடந்த படலம் புதிய வேகம் பெற்று, பந்தின் முதுகுப்புறம் வரை ஒட்டியபடியே செல்கிறது. பின்னாலுள்ள சுழிப்புப் பகுதி ஒடுங்குகிறது. காற்றுத்தடை ஏறக்குறைய பாதியாகிறது. பரப்பைக் கரடுமுரடாக்கினால் தடை குறையும் என்ற இந்த முரணை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

19ஆம் நூற்றாண்டின் ஆட்டக்காரர்கள், அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்துகள் புதியவற்றைவிட நன்றாகப் பறப்பதை அனுபவத்தில் கண்டுகொண்டு, புதிய பந்துகளையும் சுத்தியலால் தட்டி வடுவிட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட், பந்து அத்தனை நேரம் காற்றில் மிதப்பதற்கு அதன் பின்சுழற்சியே, அதாவது முன்னே பறந்தபடியே பின்னோக்கிச் சுழல்வதே காரணம் என்பதை 1890களில் விளக்கினார். பரப்பை ஒட்டி வழியும் அந்த மெல்லிய படலத்தை விளக்கும் எல்லைப் படலக் கொள்கையை 1904இல் ஜெர்மானிய இயற்பியலாளர் லுட்விக் பிராண்டல் முன்வைத்தார்; அதே கொள்கையே இன்று விமானச் சிறகுகளின் வடிவமைப்புக்கும் அடிப்படை. பந்து பறப்பதைப் போன்ற உடனடிப் பயனில்லாத கேள்விகளுக்கும் ஆய்வு நிதியில் இடம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

மட்டையின் சாய்ந்த முகம் பந்துக்குப் பின்சுழற்சி தருகிறது. சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவதால் பந்து மேல்நோக்கி உந்தப்படுகிறது; இதுவே மேக்னஸ் விளைவு. ஆக, தடையும் தூக்குவிசையும் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தே கூடிக் குறைகின்றன.

லா குயின்டா கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. ஆகவே அங்கே காற்று மெலிவதற்கு வெப்பமே முதன்மையான காரணம். காலையில் 8 பாகை செல்சியஸாக இருக்கும் வெப்பநிலை பிற்பகலில் 22 பாகைக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். 45 பாகைக் கோடையில் அக்குறைவு 12 விழுக்காட்டை நெருங்கும். தடை குறைவதால் கிடைக்கும் லாபம் தூக்குவிசை குறைவதால் வரும் இழப்பைவிடப் பெரிது என்பதால் பந்து சில கெஜங்கள் கூடுதலாகப் போகிறது. ஆனால் தூக்குவிசை குறைந்ததால் அது சற்றுத் தாழ்வாகப் பறந்து, சாய்வு குறைந்த கோணத்தில் இறங்கி, தரையில் கூடுதலாக உருள்கிறது. 17ஆம் குழியில் அந்த உருளல் பந்தைப் பாறைகளுக்கே கொண்டுபோய்விடலாம். முகச்சாய்வு கூடுதலான மட்டையை எடுத்தால் தொலைவு குறைவதோடு சுழற்சியும் உயரமும் கூடுகின்றன. இரண்டு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வு கிடைக்கிறது.

ஈரக்காற்று கனமானது, வறண்ட பாலைவனக் காற்று இலேசானது என்ற நம்பிக்கை ஆட்டக்காரர்களிடையே பரவலாக உள்ளது. அது தவறு. நீர் மூலக்கூறின் நிறை 18, நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32; ஆகவே வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால் ஈரக்காற்றுதான் இலேசானது. பாலைவனக் காற்றின் வறட்சி பந்துக்கு உதவுவதில்லை, மிகச் சிறிய அளவில் தடையாகவே இருக்கிறது.

பந்தின் உட்கருவிலுள்ள ரப்பருக்கும் இதில் பங்குண்டு. குளிரில் அது விறைத்துத் துள்ளலை இழக்கிறது. வெப்பத்தில் மீண்டும் துள்ளல் பெறுகிறது. சூரியன் தரும் இந்த உதவியை விதிகள் ஏற்கின்றன. ஆனால் வேண்டுமென்றே சூடேற்றிய பந்தை அடிப்பதைக் கோல்ஃபின் 4.2ஆம் விதி தடைசெய்கிறது.