டிக்கெட்டில் இருக்கும் தேதியும் வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியும்

"சென்னையில இருந்து துபாய்க்கு எவ்வளவு நேரம் சார்?" வேலூரில் விமான டிக்கெட் போடும் என் கடையில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்பேன். ஆனால் டிக்கெட்டில் காலை 10 மணிக்கு ஏறி 12.50-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். மூணு மணி நேரம்கூட இல்லையே என்று குழம்புவார்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அதைக் கூட்டினால் 4 மணி 20 நிமிடம் வந்துவிடும். சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆனால் அங்கே நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால், போகும்போது நீளமாகவும் திரும்பும்போது குறைவாகவும் தெரியும்.

இந்தக் குழப்பத்தால் பெரிய நஷ்டம் எதுவும் வராது. நஷ்டம் வருவது நள்ளிரவு விமானத்தில்தான்.

சில வருடங்களுக்கு முன் பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் லீவு முடிந்து துபாய் திரும்ப என்னிடம் டிக்கெட் எடுத்தார். 15-ஆம் தேதி, 00.40 மணி. அவர் 15-ஆம் தேதி இரவு அம்மா, மனைவி, பிள்ளைகளோடு வேன் பிடித்து விமான நிலையம் போய் நின்றார். விமானம் முந்தின இரவே போய்விட்டிருந்தது. 15-ஆம் தேதி 00.40 என்றால் 14-ஆம் தேதி ராத்திரி தூங்காமல் போக வேண்டிய விமானம். நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள், டிக்கெட்டுக்கு 12 மணி அடித்தாலே அடுத்த நாள். அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். புது டிக்கெட்டுக்கு அவர் அங்கேயே கடன் வாங்கினார். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அப்புறம் சாலைக் கணக்கு. வேலூரில் இருந்து சென்னை விமான நிலையம் 130 கிலோமீட்டர் போல. வழி நன்றாக இருந்தால் இரண்டரை மணி நேரம். ஆனால் வாலாஜா தாண்டி சாலை வேலை நடந்தாலோ, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் விடும் நேரமாக இருந்தாலோ மூன்றரை மணிகூட ஆகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். பொதுவாக ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்டரை மூடிவிடுவார்கள். ஆக, 00.40 விமானத்துக்கு வேலூர்க்காரர் மாலை 6 மணிக்கே வண்டி ஏற வேண்டும், ஆம்பூர்க்காரர் 5 மணிக்கு.

சிகிச்சைக்குக் கொல்கத்தாவில் இருந்து வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான். விமானத்தில் இரண்டேகால், இரண்டரை மணி நேரம். ஆனால் வீட்டு வாசலில் இருந்து வேலூர் விடுதி வரைக்கும் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அடுத்த நாள் காலையில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர் மாலை விமானத்தை எடுக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவர், எந்த நாளில் பறக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். தேதியை அவர் சொல்லட்டும், நான் டிக்கெட் போடுகிறேன்.

பேரணாம்பட்டுக்காரருக்கு அப்படி ஆனதிலிருந்து ஒவ்வொரு டிக்கெட் கவரின் மேலும் சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்: "14-ஆம் தேதி, திங்கட்கிழமை, மாலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்." எழுதியதை அவர்களையே ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன்.