லாக்புக்கில் ‘ஏ.டி. முடிந்தது’ என்று எழுதியிருந்தால் போதாது

அமெரிக்காவில் பதிவான பழைய சிறு பயணிகள் விமானத்தை வாங்கப் போகிறீர்களா? பெயின்ட் பளபளப்பைப் பார்க்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்; முக்கியமாக லாக்புக் எனும் பராமரிப்புப் பதிவேட்டை.

ஒரு பாகம் விரிசல் விடும் என்று தெரியவந்தால், அதைச் சோதிக்கவோ மாற்றவோ சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. உத்தரவு போடும். அதுதான் ஏ.டி. (Airworthiness Directive). அது சட்டம். நிறைவேற்றாமல் பறந்தால் ஒவ்வொரு பறப்பும் தனி விதிமீறல். முதல் பொறுப்பு விமானத்தை வைத்திருப்பவருக்கு.

எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய விமானத்தில், இறக்கையை இணைக்கும் பிட்டிங் (fitting) என்ற பாகம் பற்றிய ஏ.டி.க்கு நேரே ‘முடிந்தது’, ஒரு கையெழுத்து, ஒரு தேதி. பிட்டிங்கை மாற்றினார்களா, பார்த்துவிட்டு அப்படியே விட்டார்களா? தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பழைய ஓனரைக் கைகாட்டினார்கள். ஓனர் ஒர்க்‌ஷாப்பைக் கைகாட்டினார். மூன்று மாதம் அலைந்தார். கடைசியில் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் விரிசலைக் கண்டுபிடிக்கும் ‘எட்டி கரன்ட்’ (eddy current) மின்கருவியின் முனையை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. செய்த வேலைக்கே மறுபடி அவர்தான் பணம் கட்டினார்.

ஆகவே நான்கு விவரம் கேளுங்கள்: ஏ.டி. எண், அந்த உத்தரவின் திருத்தத் தேதி, எந்த முறையில் செய்தார்கள், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதென்றால் அடுத்தது எப்போது. விற்பவர் இந்தப் பதிவை விமானத்தோடு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் இழுத்தால் முன்பணம் தராதீர்கள்.

“பறந்த மணிக்கணக்கு ரொம்பக் குறைவு” என்பார்கள். குறுகிய தூரம் ஓடிய விமானத்தில் மணி குறைவாகவும் தரையிறக்கம் மிக அதிகமாகவும் இருக்கும். விரிசலை வளர்ப்பதில் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் பங்கு உண்டு. கெடு மணிக்கணக்கிலா, தரையிறக்கக் கணக்கிலா என்று உத்தரவில் பாருங்கள்.

“அந்த இடத்தை ஏற்கெனவே ரிப்பேர் செய்தாச்சு, ஏ.டி. பொருந்தாது” என்பதும் பொய். மாற்றியமைத்திருந்தாலும் பொருந்தும். ரிப்பேர் செய்தாச்சு என்பதை மட்டும் நம்பவும் முடியாது: 2005 டிசம்பர் 19 அன்று மியாமி அருகே, 1947-இல் கட்டிய கிரம்மன் மல்லார்டு என்ற கடல் விமானம் ஒன்றின் வலது இறக்கை பிய்ந்து 20 பேரும் இறந்தார்கள். அதில் விரிசல்கள் சரியாகப் பழுதுபார்க்கப்படவில்லை என்று விசாரணை சொன்னது. தயாரிப்பாளரின் அறிக்கை ஒன்று சொல்லி ஏ.டி. வேறு சொன்னால், ஏ.டி.தான்.

ஏ.டி. சொன்னதை வேறு முறையில் செய்ய அனுமதி வேண்டுமா? உங்களுக்கான எஃப்.ஏ.ஏ. இன்ஸ்பெக்டர் வழியாக எழுத்தில் கேளுங்கள். அவர் மேசையில் எத்தனை வாரம் கிடந்தாலும் உங்கள் கெடு நிற்காது; அதனால் முன்கூட்டியே போடுங்கள். “சரி, செய்யுங்க” என்று போனில் யாராவது சொன்னால் அது அனுமதி ஆகாது.

விரிசல் கண்டபின் ஒர்க்‌ஷாப் வரை பறந்து போகச் சிறப்பு அனுமதி கிடைப்பதுண்டு. சில ஏ.டி.கள் அதையும் தடுக்கின்றன. ஏ.டி.யில் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சாவியை எடுங்கள்.