கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம்: புதுத் தரை போடும் முன் பார்க்க வேண்டியவை

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தரைக்கு டைல்ஸா, வினைலா, மரமா என்று யோசிப்பதில் நிறைய நேரம் செலவழிக்கிறார்கள். நிறம், அளவு, பளபளப்பு எல்லாம் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். அதை எதன் மேல் ஒட்டப் போகிறோம் என்பதை மட்டும் மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். வினைல் ஓரம் தூக்கும்போதும், மரத்தரை உப்பும்போதும், டைல்ஸ் சத்தத்தோடு கிளம்பும்போதும் கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கும் கான்கிரீட்தான்.

கான்கிரீட் காய்ந்து கெட்டியாகிறது என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து கெட்டியாகிறது. ஒரு 50 கிலோ மூட்டை முழுதாக வினைபுரிய ஏறக்குறைய 11 லிட்டர் தண்ணீர் போதும். அந்த வினையில் உருவாகும் ஜெல்லின் நுண்துளைகளில் இன்னும் 7 லிட்டர் போலச் சிக்கிக்கொள்ளும். ஆனால் அவ்வளவு குறைந்த தண்ணீரில் கலவை கரணைக்கு இழுபடாது. அதனால் மூட்டைக்கு 25, 30 லிட்டர் ஊற்றுவது சகஜம். மிச்சத் தண்ணீர் உள்ளேயே நுண்ணிய வழிகளை உண்டாக்கிக்கொண்டு தங்கிவிடுகிறது. அது ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். மேல்பக்கம் மட்டும் காற்றுப் படும் தளம் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது இந்தத் தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. 4 அங்குலத் தளத்துக்கு 4 மாதம். அதுவும் நீராற்றி முடித்து, மேலே மழை படாமல் இருந்தால்.

நாற்பது வருடப் பழைய வீட்டில் இன்னுமா ஈரம் இருக்கும்? தரைத்தளமாக இருந்தால் இருக்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பேஸ்மட்டத்துக்குள் மணலைக் கொட்டி இடித்து, அதன் மேல் ஜல்லி கான்கிரீட் போட்டிருப்பார்கள். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பாலித்தீன் விரிப்பு எதுவும் இருக்காது. மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் நீராகவும் கொஞ்சம் ஆவியாகவும் ஏறிக்கொண்டே இருக்கும். நாம் ஓதம் என்று சொல்வது இதைத்தான். சிவப்பு சிமெண்ட் தரையும் மொசைக்கும் இந்த ஆவியை மெல்ல வெளியே விட்டுவிடும். அதனால்தான் அத்தனை வருடமும் யாருக்கும் தொந்தரவு தெரியவில்லை. அதன் மேல் வினைல் ஒட்டிய அன்றைக்கு அந்த வழி அடைபடுகிறது.

அடைபட்டால் என்ன நடக்கும்? திறந்து கிடக்கும் தளத்தில் மேல் அரை அங்குலம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆழம் போகப் போக ஈரம் கூடும். மூடிய பிறகு ஆவி போக இடமில்லாமல் கீழிருக்கும் ஈரம் மேலே பரவி, சில மாதங்களில் தளம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும். மூடும் நாளில் தொட்டுப் பார்த்த மேற்பரப்பு அப்போது அப்படியே இருக்காது. அந்த ஈரம் தனியாகவும் வருவதில்லை. கான்கிரீட்டின் காரத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. உள்ளிருக்கும் நீரின் பிஎச் மதிப்பு 12-க்கு மேல். வினைல் ஒட்டும் பசைகள் பல இந்தக் காரத்தில் சிதைந்து, பிசுபிசுவென்று இணைப்புகள் வழியே கசியும். லாமினேட் தரையின் அடிப்பாகம் அழுத்திய மரநார் என்பதால் ஈரத்தைக் குடித்து உப்பும். டைல்ஸ் ஈரத்தைத் தாங்கும்; அங்கே டைல்ஸ்களுக்கு நடுச் சந்தை அடைக்கும் கிரவுட் கோடுகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். வெயில் நேராகப் படாத இடமாக இருக்கட்டும். மாலையில் ஒட்டினால் மறுநாள் காலை பிரிக்கலாம். குறைந்தது 16 மணி நேரம் இருக்க வேண்டும். ஷீட்டின் அடிப்பக்கம் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றாலோ, அதன் கீழ் இருந்த சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ, ஈரம் தளத்திலிருந்து வருகிறது. துளிகள் ஷீட்டின் மேல்பக்கத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிந்தது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

ஆனால் இந்தச் சோதனை மேற்பரப்பின் நிலையை மட்டுமே சொல்லும். ஷீட் காய்ந்திருந்தது என்பதற்காக விலை கூடிய மரத்தரையை நம்பி ஒட்டிவிட முடியாது. அதற்கு அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த எஃப் 2170 என்ற முறை இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் காயும் தளத்தில் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்கு, அதாவது 4 அங்குலத் தளத்தில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல், துளையிட்டு, உணர்கருவியை வைத்து, ஒரு நாள் கழித்து ஒப்பு ஈரப்பதம், அதாவது துளைக்குள் இருக்கும் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். தளத்தை மூடி ஈரம் சமமான பிறகு எந்த அளவு இருக்குமோ, அதற்கு நெருக்கமான அளவு இப்போதே அந்த ஆழத்தில் இருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. எவ்வளவு வரை தாங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். 75 முதல் 85 சதவீதம் வரை என்று பல தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள். கூடினால் ஈரம் தடுக்கும் எபாக்ஸி பூச்சு கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஓதம் ஏறும் தரைத்தளத்தில் மரத்துக்கும் வினைலுக்கும் ஆசைப்படுவதைவிட டைல்ஸ் போடுவதே நிம்மதி.

டைல்ஸ் என்றால் பிடிப்பில் கவனம் வேண்டும். கான்கிரீட் போட்டதும் தண்ணீர் மேலே மிதந்து வரும். அதோடு வரும் மென்மையான சிமெண்ட் பால் காய்ந்து மெல்லிய, பலமற்ற தோலாகப் படியும். ஆணியால் கீறினால் மாவாக உதிரும். எவ்வளவு நல்ல பசையும் அந்தத் தோலோடுதான் ஒட்டும். பெயரும்போது அதையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும். அதை கிரைண்டரால் தேய்த்தோ கொத்தியோ எடுக்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை நான் ஏற்க மாட்டேன். அதன் குளோரைடு உள்ளே தங்கினால் கம்பி துருப்பிடிக்க வழியாகும். தேய்த்த இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் நல்லது. முத்தாக நின்றால் எண்ணெயோ மெழுகோ பாலிஷோ இன்னும் இருக்கிறது.

மட்டமும் முன்பைவிட இப்போது முக்கியம். ஒன்றரை, இரண்டு அங்குலக் கலவை மேல் பதித்த காலத்தில் மேடு பள்ளம் எல்லாம் கலவைக்குள் மறைந்துவிடும். இப்போது டைல்ஸ் ஒட்டும் பசையோ சில மில்லிமீட்டர் கனம்தான். பெரிய டைல்ஸுக்கு 10 அடி மட்டப்பலகை வைத்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது. பள்ளங்களைத் தானாகப் பரவி மட்டமாகும் கலவையால் நிரப்பலாம். அதற்கு முன் பிரைமர் அடிக்காவிட்டால், அடியில் காய்ந்திருக்கும் கான்கிரீட் அந்தக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், துளைகளிலிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியேறி ஊசித்துளைகள் விழும். குளியலறையில் மட்டும் வாட்டம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரோரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கான்கிரீட் 10 மீட்டர் நீளத்தில் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். புதிய தளம் காயும்போது சுருங்குவது இதைவிட அதிகம். டைல்ஸ் அந்த அளவு சுருங்காது. நாற்புறமும் சுவரோடு இறுக்கிப் பதித்திருந்தால் நெருக்குதல் தாங்காமல் நடுவில் கூடாரம் போல எழும்பும். சுற்றிலும் 6 மில்லிமீட்டர் சந்து போதும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அதில் சிமெண்டோ கிரவுட்டோ அடைக்க விடாதீர்கள். நெகிழும் சீலன்ட் மட்டும் போடலாம்.