ஏழை யார் என்று யார் முடிவு செய்வது? நலத்திட்டங்கள் ஆள் பிடிக்கும் விதம்

ரேஷன் கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்மார்ட் கார்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பி.எச்.எச். என்றோ என்.பி.எச்.எச். என்றோ ஒரு குறியீடு இருக்கும். முதலாவது முன்னுரிமைக் குடும்பம், இரண்டாவது முன்னுரிமை இல்லாத குடும்பம். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்த பிரிவு இது. பல மாநிலங்களில் அரிசி உண்டா இல்லையா என்பதையே இந்த எழுத்துகள்தான் முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 2016 நவம்பரில் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோதும் முன்னுரிமை இல்லாத அட்டைக்கு அரிசி நிற்கவில்லை. அந்தச் செலவை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோதும் தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி வேண்டாதவர்கள் தாங்களாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் ஏழை யார் என்ற கேள்விக்கே வேலை இல்லை. ஆனால் எல்லா உதவியையும் அப்படிக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை என்கின்றன அரசுகள். அங்கேதான் அளவுகோல் வருகிறது. தொகை எவ்வளவு என்பதைவிட, அந்த அளவுகோலை யார் வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் ஒரு திட்டத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

உலகப் பொதுவான அளவுகோல் என்றால் உலக வங்கியுடையது. 2025 ஜூனிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். இதை இன்றைய டாலர் விலையால் பெருக்கக் கூடாது; அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைப்பதை அந்தந்த நாட்டில் வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது. அதன்படி 2022–23இல் இந்தியாவில் சுமார் 5 சதவீதத்தினர் மிக வறியவர்கள். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் வருமானத்தைப் பார்ப்பதில்லை. சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்க்கிறது. 2019–21 தரவை வைத்து அது போட்ட கணக்கில் நாடு முழுவதும் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20, கேரளத்தில் 0.55. நாடுகளையும் மாநிலங்களையும் ஒப்பிட இந்த எண்கள் உதவும். இவற்றைக் காட்டி எந்தத் தாலுகா அலுவலகத்திலும் எதுவும் வாங்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் யோசிக்கிறது. அந்தந்த நாட்டு மக்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை அபாயம். ஊரே உயர்ந்து நீங்கள் மட்டும் அப்படியே நின்றால் நீங்கள் அந்தக் கணக்கில் வந்துவிடுவீர்கள். அதோடு 13 கேள்விகள் உண்டு. எதிர்பாராத செலவு வந்தால் சமாளிக்க முடியுமா, குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைக்க முடியுமா, ஒன்றுவிட்டு ஒரு நாளாவது இறைச்சியோ மீனோ அதற்கு ஈடான சைவ உணவோ சாப்பிட முடியுமா, இரண்டு ஜோடி செருப்பாவது இருக்கிறதா, மாதம் ஒருமுறையாவது நண்பர்களோடோ உறவினர்களோடோ சேர்ந்து சாப்பிட முடிகிறதா. இப்படி 13இல் குறைந்தது ஏழு இல்லை என்றால் கடும் இல்லாமை என்று பதிவாகும். வீட்டில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை என்றால் அதுவும் தனியாகக் கணக்கில் வரும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் சிக்கினாலும் அவர் வறுமை அல்லது சமூக ஒதுக்கல் அபாயத்தில் இருப்பவர். 2024இல் அப்படி 9.33 கோடிப் பேர், அதாவது 21 சதவீதம்.

ஐரோப்பாவில் ஐந்தில் ஒருவரா என்று சிரிக்க வேண்டாம். நண்பர்களோடு சாப்பிடுவது பற்றிய அந்தக் கேள்வியை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். போன மாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனீர்களா, மொய் வைக்கக் காசில்லாமல் நின்றுவிட்டீர்களா? இதை நம்மூர்க் கணக்கெடுப்பில் யாராவது கேட்டதுண்டா? மூன்று வேளை சோறு இருந்தும் பத்திரிகை வந்தாலே பயப்படுகிற குடும்பங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் இதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு குறை உண்டு. எண்ணுவது ஒன்றியம், பணம் கொடுப்பது அந்தந்த நாடு. 2030க்குள் இந்த எண்ணிக்கையை 1.5 கோடியாவது குறைப்போம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 2023இல் குறைந்தபட்ச வருமானம் பற்றி உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரையும் செய்தார்கள். பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

பிரேசிலின் குடும்ப உதவித் திட்டமான போல்சா ஃபமிலியா 2003இல் தொடங்கியது. தலைக்கு மாத வருமானம் 218 ரியாலுக்குள் இருக்கும் குடும்பத்துக்கு, 2023இல் திருத்திய விதிப்படி, மாதம் குறைந்தது 600 ரியால் கிடைக்கும். குழந்தைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பணம் பெரும்பாலும் பெண்கள் பெயரில்தான் போகிறது. குடும்பம் தன் வருமானத்தை நகராட்சி நல மையத்தில் தானே சொல்லிப் பதிகிறது; அரசு பின்னால் மற்ற பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி. வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்து வருமானம் வரம்பைத் தாண்டினால் உதவி மறுநாளே நிற்பதில்லை. குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கும்வரை பாதித் தொகை சில காலம் தொடரும். வேலைக்குப் போனால் உதவி போய்விடும் என்று பயந்து வருமானத்தை மறைக்கத் தேவையில்லை. நம் திட்டங்களில் இப்படி ஒரு இடைநிலை அபூர்வம். ஒன்று தகுதி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இலங்கையின் அஸ்வெசும உதவித் திட்டம் 2023இல் பொருளாதார நெருக்கடிக்கு நடுவே, சமுர்த்தி என்ற பழைய உதவித் தொகைக்குப் பதிலாக வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் 22 குறிகாட்டிகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போட்டு நான்கு பிரிவாக்கினார்கள். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் என்று ஆரம்பித்து 2025 ஜனவரியில் 17,500 ஆக்கினார்கள். வறிய குடும்பத்துக்கு 8,500 என்பது 10,000 ஆனது. அரசியல் செல்வாக்கில் பெயர் சேர்க்கிறார்கள் என்ற பழைய புகாருக்கு இது மருந்து என்றார்கள். ஆனால் முதல் பட்டியல் வெளியானதுமே பிரதேச செயலகங்களின் முன்னால் கூட்டம் கூடியது. பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம், தகுதி இல்லாதவர் பெயர் இருந்தால் யாரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று விதி இருந்தது. மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. புள்ளிமுறையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது வீட்டில் இருக்கும் பொருளைப் பார்க்கும், போன மாதம் போன வேலையைப் பார்க்காது. நல்ல காலத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி கெட்ட காலத்தில் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும்.

கேரளம் 2021இல் எதிர்த்திசையில் போனது. விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல், உணவு, உடல்நலம், வருமானம், இருப்பிடம் என்ற நான்கையும் வைத்து உள்ளாட்சிகள் வழியாகத் தேடி 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம். பலரிடம் ரேஷன் அட்டையோ ஆதாரோ இல்லை என்பதால் முதல் வேலையே ஆவணம் எடுத்துக் கொடுப்பதுதான். விண்ணப்பம் போடவே தெரியாதவர்தான் எந்தத் திட்டத்திலும் முதலில் விடுபடுகிறார் என்பதைப் புரிந்துகொண்ட அணுகுமுறை இது. 2025 நவம்பர் 1இல் மிக வறுமை ஒழிந்துவிட்டதாக அரசு அறிவித்தபோது, பட்டியல் தயாரித்த முறை பற்றிப் பொருளியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பட்டியலிலேயே வராத குடும்பத்தின் வறுமை எப்படி ஒழிந்திருக்கும்?

தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ரேஷனைப் போல எல்லோருக்கும் என்று வரவில்லை. 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியபோது, வசதியானவரை வடிகட்டும் முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். கார் வைத்திருப்பவர்களுக்கும் வருமான வரி கட்டுபவர்களுக்கும் கிடையாது என்றார்கள். ஏழையைப் புள்ளி போட்டுப் பொறுக்குவதைவிட இது மேல். ஆனாலும் மின்சார வரம்பை மட்டும் கவனியுங்கள். 3,600 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 600. ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் இருக்கும் வீட்டில் அது எட்டாத எண் இல்லை.

மறுத்தால் என்ன செய்வது? 2023இல் வகுத்த விதிப்படி, நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எந்த நிபந்தனையில் தள்ளப்பட்டீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘நான் ஏழை’ என்று பொதுவாக எழுதிக் கொடுப்பதைவிட, அந்த ஒரு நிபந்தனைக்கு மட்டும் ஆதாரம் காட்டுவது பலன் தரும். மின்சாரம்தான் காரணம் என்றால், மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, அதில் எத்தனை குடித்தனம் என்பதை எழுதி, பில் நகலையும் வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.