குன்னூர் இறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது?

சீசன் நேரத்தில், குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் பர்லியாறு பக்கம் ஓரங்கட்டி நிற்கும் கார்களின் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். ஓட்டி வந்தவரைக் கேட்டால், "முப்பதைத் தாண்டவே இல்லைங்க" என்பார். உண்மையாகவும் இருக்கும். அந்த முப்பதை எதை வைத்துப் பிடித்து வந்தார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே வேகத்தில் போகும் வண்டியின் மேல் விசையே இல்லை என்று பிளஸ் ஒன் மாணவர்கள் பலர் எழுதுவார்கள். நியூட்டனின் முதல் விதிப்படி நிகர விசைதான் சுழி; விசைகள் இருக்கவே செய்யும். ஆட்களோடு 1,500 கிலோ கார், 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு அதைச் சரிவோடு இழுப்பது 1,500 × 9.8 ÷ 20 = 735 நியூட்டன். வேகம் ஏறாமலிருக்க எதிர்ப்பக்கமும் 735 வேண்டும். டயரின் உருளல் உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்து சுமார் 200 தரும். மிச்சத்தை என்ஜின் தர வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்.

அந்த மிச்சம் முழுவதையும் பிரேக்கே தந்தால்? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் உயரம் சுமார் 1,400 மீட்டர். கார் இழக்கும் நிலை ஆற்றல் 2 கோடி ஜூலுக்கு மேல்; பிரேக்கின் பங்கு ஒன்றரைக் கோடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே காரை நிறுத்த 93,000 ஜூல் போதும். ஆக, ஒரே இறக்கத்தில் 160 முறை நிறுத்திய சூடு. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் நான்கும் சேர்ந்து 25 கிலோ இரும்பு என்றால், காற்று குளிர்விக்காத கணக்கில் 1,300 டிகிரி ஏறும். அவ்வளவு ஏறாவிட்டாலும், காலை எடுக்காமல் மிதித்தபடியே வந்தால் காற்றுக்கு ஆற்ற நேரம் கிடைப்பதில்லை.

கோளாறு இரண்டு விதம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் உராய்வு குறையும்: பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் சேரும். ஆவி அமுங்கிக்கொடுக்கும், பெடல் தரைவரை போய்விடும். இது இன்னும் மோசம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று மலை டிரைவர்கள் சொல்வது சரியான இயற்பியல். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் என்ஜினே இழுத்துப் பிடிக்கும். அப்படியும் வேகம் ஏறினால், பிரேக்கை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவது வெறும் நம்பிக்கை. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தானே நிற்கும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குச் செலவாகும். என்ஜினை அணைத்து இறங்குவது தற்கொலைக்குச் சமம்: பவர் ஸ்டியரிங் போய்விடும், இரண்டு மூன்று மிதிக்குப் பின், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரும் போய்விடும்.

வாடகை ஸ்கூட்டருக்கு ஒரு எச்சரிக்கை. கியரில்லா ஸ்கூட்டரில் வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் விடுபடும். என்ஜின் பிடிப்பு இருக்காது. ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் மறுபடி பிடிக்கும்.

கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்புவது டயரின் உராய்வு மட்டுமே. ஆரம் 15 மீட்டர், ஈரச் சாலையின் உராய்வுக் குணகம் 0.4 என்றால், எல்லை வேகம் சுமார் 27 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் நிறை அடிபட்டுப் போகிறது. கனமான வண்டி நன்றாகப் பிடிக்கும் என்பது வீண் தைரியம். வளைவுக்குள் பிரேக் அடித்தால் அந்த உராய்விலேயே பங்கு போகும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம். ஆறியபின் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.